முதலில் பிரியுங்கள், அப்புறம் வெட்டலாம்

கேள்வி: குழந்தை பிறந்த பிறகு கல்யாணத்துக்குத் தைத்த பட்டு ஜாக்கெட் எதையும் போட முடியவில்லை. கொக்கி மாட்ட இரண்டு அங்குலம் பற்றவில்லை. அதே நிறத்தில் துணியும் கையில் இல்லை. ஏதாவது வழி உண்டா?
வாசகி, கும்பகோணம்

பதில்: கட்டாயம் உண்டு. ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பி அக்குளுக்குக் கீழே பாருங்கள். நம் டெய்லர்கள் பெரும்பாலும் அங்கே ஒரு அங்குலமாவது துணி விட்டு, இரண்டு மூன்று தையலை வரிசையாகப் போட்டிருப்பார்கள், பின்னால் உடம்பு போடும் என்று தெரிந்துதான். இரண்டு அங்குலம் கூட வேண்டுமென்றால் ஒரு பக்கத்துக்கு ஒரு அங்குலம் தள்ளித் தைக்க வேண்டும் என்று நினைத்து, அவ்வளவு துணி இல்லையே என்று பலர் ஜாக்கெட்டைத் தூக்கி உள்ளே வைத்துவிடுகிறார்கள். அரை அங்குலம் போதும். அந்தத் தையலில் முன் துண்டும் பின் துண்டும் சேர்ந்திருப்பதால் அரை அங்குலம் தள்ளினாலே ஒரு பக்கத்தில் ஒரு அங்குலம் கிடைக்கும், இரண்டு பக்கமும் சேர்த்தால் நீங்கள் கேட்ட இரண்டு அங்குலம் வந்துவிடும். கை சுற்றளவும் பிடிக்கும் என்பதால் கை ஓரத்தில் தொடங்கி இடுப்பு வரை ஒரே ஓட்டமாகத் தையுங்கள்.

பழைய தையலைப் பிரிப்பதற்கு முன் புதுக் கோட்டில் தைக்காதீர்கள். பிரித்துவிட்டு, பெரிய பெரிய தையலாகக் கையாலேயே ஓட்டி, போட்டுப் பாருங்கள், கையைத் தூக்கிப் பாருங்கள், உட்கார்ந்தும் பாருங்கள். மார்பில் மட்டும் இழுத்து இடுப்பு தளர்வாக இருந்தால் பக்கத் தையலில் குறையில்லை, முன்பக்க டக்கைத்தான், அதாவது மார்பு வடிவத்துக்காகப் பிடித்துத் தைத்த மடிப்பைத்தான், கொஞ்சம் பிரித்துவிட வேண்டும். பட்டில் பழைய ஊசித் துளை அவ்வளவு சுலபமாக மறையாது, உள்ளே இருந்த துணியும் கொஞ்சம் பளிச்சென்று தெரியும். அக்குளுக்குக் கீழே என்பதால் கவலைப்பட வேண்டாம்.

கேள்வி: ரெடிமேட் குர்த்தி மற்ற இடமெல்லாம் சரியாக இருக்கிறது, கைக்குழி மட்டும் வெட்டுகிற மாதிரி பிடிக்கிறது. உள்ளே துணியே விடவில்லை.
வாசகி, நாகர்கோவில்

பதில்: கைக்குழியைக் கீழே வெட்டி இறக்காதீர்கள், இறக்கினால் கை தூக்கும்போது குர்த்தி முழுவதும் மேலே ஏறும். அக்குளில் நான்கு தையலும் சந்திக்கும் இடத்தை மட்டும் பிரித்து, டைமண்டு வடிவத்தில் ஒரு சின்னத் துண்டு வைத்துத் தையுங்கள். குர்த்தியின் அடிமடிப்பில் துணி அதிகம் இருந்தால் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: மகனுக்கு வாங்கிய ஜீன்ஸ் நீளம். வெட்டித் தைத்தால் அந்தக் கீழ் ஓரத்தின் அழகு போய்விடுகிறது.
வாசகி, சேலம்

பதில்: ஓரத்தை வெட்டவே வேண்டாம். முதலில் ஒரு தடவை துவைத்துக் காய வையுங்கள், காட்டன் கொஞ்சம் சுருங்கும். அப்புறம் கால் ஓரத்தை வெளிப்பக்கமாக மேலே மடியுங்கள். இரண்டு அங்குலம் குறைக்க வேண்டுமென்றால், பழைய மடிப்புத் தையலுக்கும் நீங்கள் மடித்த புது மடிப்புக்கும் இடையே ஒரு அங்குலம் இருக்க வேண்டும், பழைய ஓரத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அந்தப் பழைய ஓரத்தை ஒட்டி, அதன் மேல் ஏறாமல், சுற்றிலும் தைத்துவிட்டு ஓரத்தைக் கீழே இறக்கி இஸ்திரி போட்டால் தையல் இருப்பதே தெரியாது. 16 நம்பர் ஊசி போடுங்கள். பக்கத் தையல் தடிப்பாக வரும் இடத்தைச் சுத்தியலால் லேசாகத் தட்டி அமுக்கிவிட்டு, மிஷின் சக்கரத்தைக் கையால் சுற்றிக் கடந்து போங்கள். உள்ளே மடங்கும் துணியை வெட்டாமல் விட்டால் மகன் வளரும்போது அதைப் பிரித்துவிட்டாலே போதும்.

கேள்வி: காஞ்சிபுரம் புடவையில் ஆணி மாட்டி மிளகளவு ஓட்டை. இஸ்திரி போட்டு ஒட்டும் துணியைப் பின்னால் வைக்கலாமா?
வாசகி, மதுரை

பதில்: வைக்காதீர்கள். அந்த இடம் அட்டை மாதிரி விறைத்துக்கொண்டு, மடிப்பு விழும்போதெல்லாம் தனியாகத் தெரியும். நூல் புடவையிலேயே இருக்கிறது. இடுப்பில் செருகும் உள்முனையில் குறுக்கு நூலை, அதாவது ஊடையை, ஒவ்வொன்றாக உருவுங்கள். ஒன்றரை அங்குலம் உருவினால் குஞ்சம் மாதிரி மிஞ்சி நிற்பதுதான் பாவு நூல், அதிலும் சில இழைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பல பட்டுப் புடவைகளில் பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம், அதனால் கடை நூலைத் தேடினால் சரியாகப் பொருந்தவே பொருந்தாது. மிக மெல்லிய ஊசியில் முதலில் பாவு நூலை நெடுக்காக ஓட்டி, அப்புறம் ஊடையை ஒன்று மேல் ஒன்று கீழாகக் குறுக்கே பின்னுங்கள். நல்ல துணிக்குள் கால் அங்குலமாவது போக வேண்டும். நூலை இறுக்கி இழுத்தால் துணி சுருங்கிவிடும், தளரவே விடுங்கள். ஓட்டை ரூபாய்க் காசை விடப் பெரிதென்றால் ரஃபு போடுபவரிடமே கொடுங்கள், அந்தக் கைவேலைக்கு அவர்கள் கேட்கும் கூலி நியாயமானதுதான்.

கேள்வி: தொளதொள டி-ஷர்ட்டைப் பிடித்துத் தைத்தால் மிஷினில் தையல் விட்டுவிட்டு விழுகிறது.
வாசகி, வேலூர்

பதில்: பனியன் துணிக்குச் சாதாரண ஊசி ஒத்துவராது. முனை மழுங்கலான பால்பாயிண்ட் ஊசி வாங்கிப் போடுங்கள். ஜிக்ஜாக் வசதி இல்லாத மிஷின் என்றால் துணியை லேசாக இழுத்துப் பிடித்தபடி தையுங்கள், போடும்போது நூல் அறாது.