வீட்ல கிட்டார்ல ப்ளூஸ் வாசிக்க 5 வாட் ட்யூப் ஆம்ப் (வால்வு வச்ச ஆம்ப்ளிஃபையர்) போதுமா, 15 வாட் வாங்கணுமா?

வீட்டுக்கு மட்டும்னா 5 வாட் தாராளம், சொல்லப்போனா அதுவே சில நேரம் ஜாஸ்தி. 15 வாட்னா மூணு மடங்கு சத்தம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்லைங்க, வித்தியாசம் கிட்டத்தட்ட 5 டெசிபல்தான், காதுக்கு ரெண்டு மடங்கா கேக்கணும்னாலே சுமார் 10 மடங்கு வாட் வேணும்.

ப்ளூஸுக்கு நமக்கு வேண்டியது ட்யூப்ல வர்ற சத்தம் லேசா கரகரக்க ஆரம்பிக்கிற அந்த எல்லைக்கோடு. மெதுவா மீட்டுனா க்ளீனா இருக்கணும், அழுத்தி அடிச்சா கரகரன்னு வரணும். சின்ன ஆம்ப்ல இது சீக்கிரமே வந்துடும். ஆம்ப் வால்யூமை அந்த இடத்துல விட்டுட்டு கிட்டார்ல இருக்கிற வால்யூமை 10ல இருந்து 6க்கு இறக்கிப் பாருங்க, அழகா க்ளீன் ஆகணும், ஆகலைன்னா அந்த ஆம்ப் வேணாம், டெஸ்ட் அவ்ளோதான்.

ஃபெண்டர் சாம்ப் மாதிரி ஆம்ப்ல ஒரே ஒரு 6வி6 பவர் ட்யூப், 8 இன்ச் ஸ்பீக்கர். டோன் அருமை, ஆனா பாஸ் கம்மி, ட்ரம்மரோட வாசிச்சா காணாம போயிடும். அப்போ ரெண்டு ஈஎல்84 பவர் ட்யூப், 12 இன்ச் ஸ்பீக்கர் இருக்கிற ப்ளூஸ் ஜூனியர் மாதிரி 15 வாட் எடுங்க. ரிவர்ப், அதாவது எதிரொலி மாதிரி எஃபெக்ட், வேற கிடைக்கும் (எனக்கு ரிவர்ப் இல்லாம ஸ்லோ ப்ளூஸ் வறட்சியா தெரியும்).

எதை வாங்கினாலும் ஸ்பீக்கரைக் கழட்டிட்டு மட்டும் ஆன் பண்ணிடாதீங்க, அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போயிடும்.