நார்மன் ராக்வெல்லின் அமெரிக்கா: கேள்வி பதில்

கே: ராக்வெல்லை ஓவியர் என்பதா, அட்டைப்படக்காரர் என்பதா?

ப: தன்னை இல்லஸ்ட்ரேட்டர், அதாவது பத்திரிகை, புத்தகங்களுக்குப் படம் வரைபவர் என்றுதான் அவர் சொல்லிக்கொண்டார். 1894இல் நியூயார்க்கில் பிறந்தவர். 22 வயதில் சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் பத்திரிகைக்கு முதல் அட்டை. அப்புறம் 47 வருடங்களில் முந்நூறுக்கும் மேல். பெரும்பாலும் கேன்வாஸில் ஆயில் பெயின்ட்டால் வரைந்த முழு ஓவியங்கள். என் கணக்கில் அவர் ஓவியர், சந்தேகமே இல்லை.

கே: அந்த முகங்களெல்லாம் கற்பனையா சார்?

ப: இல்லை, பெரும்பாலும் அக்கம்பக்கத்து ஆட்கள். 1939 முதல் 1953 வரை வெர்மான்ட்டின் ஆர்லிங்டனில் இருந்தார், பிறகு மாசசூசெட்ஸின் ஸ்டாக்பிரிட்ஜில். ஊர்க்காரர்களை ஸ்டுடியோவுக்கு வரவழைப்பார். எப்படி நிற்கவேண்டும், முகத்தை எப்படி வைக்கவேண்டும் என்று தானே நடித்துக் காட்டி, ஃபோட்டோ எடுக்கவைத்து, அதைப் பார்த்து வரைவார்.

கே: முதன்முதலில் பார்க்க ஒரு படம் சொல்லுங்கள்.

ப: 1954இல் வந்த ‘பிரேக்கிங் ஹோம் டைஸ்’. கல்லூரிக்குப் போகும் மகனும் விவசாயி அப்பாவும் பழைய டிரக்கின் படிப்பலகையில் உட்கார்ந்து ரயிலுக்குக் காத்திருக்கிறார்கள். மகன் புது சூட்டில், கழுத்தை நீட்டி ரயில் வரும் திசையைப் பார்க்கிறான். அப்பா மறுபக்கம் பார்க்கிறார். அவர் கையைக் கவனியுங்கள்: தன் தொப்பியோடு மகனின் தொப்பியையும் சேர்த்துப் பிடித்திருக்கிறார். கொடுத்துவிட்டால் பையன் கிளம்பிவிடுவான் இல்லையா? நாய் மட்டும் மகனின் தொடையில் தலையைச் சாய்த்திருக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் அந்தத் தொப்பிகளில்தான் என் கண் போய் நிற்கிறது.

கே: இவ்வளவு படங்களில் கறுப்பின மக்கள் எங்கே?

ப: நியாயமான கேள்வி. அவர்களை வேலைக்காரர்களாக மட்டுமே காட்டலாம் என்பது போஸ்ட்டில் அன்றிருந்த நடைமுறை. ராக்வெல்லும் நெடுங்காலம் அதற்குள்ளேயே வரைந்தார். அது ஒரு குறைதான். 1963இல் போஸ்ட்டிலிருந்து விலகினார். அடுத்த ஜனவரியில் லுக் பத்திரிகையில் ‘தி பிராப்ளம் வீ ஆல் லிவ் வித்’ வந்தது. 1960இல், ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி நியூ ஆர்லியன்ஸில் அதுவரை வெள்ளையர் மட்டுமே படித்த பள்ளிக்குப் போன காட்சி. வெள்ளை கவுன், கையில் நோட்டும் ஸ்கேலும். சுவரில் வசைச்சொல், எறிந்த தக்காளியின் சிவப்பு. காவலுக்கு வரும் நான்கு மார்ஷல்களின் (மத்திய அரசின் காவல் அதிகாரிகள்) தலைகள் படச்சட்டத்துக்கு வெளியே. முழுதாகத் தெரியும் ஒரே முகம் அந்தக் குழந்தையுடையது.

கே: அதன் அசலை எங்கே பார்க்கலாம்?

ப: ஸ்டாக்பிரிட்ஜிலுள்ள நார்மன் ராக்வெல் மியூசியத்தின் சொத்து அது. வெளி ஊர்க் கண்காட்சிகளுக்கு அனுப்புவதுண்டு, விசாரித்துவிட்டுப் போங்கள்.