கருங்கணும் செங்கணும்

மதிப்பிற்குரிய எழுத்தாளருக்கு,

வணக்கம். மூன்று ஆண்டுகளாக ஒரு மாயப்புனைவு நாவலை எழுதி வருகிறேன். அதன் நாயகிக்குக் கோபம் வந்தால் கண்கள் பச்சையாகும்; துயரத்தில் நீலமாகும்; காதலில் பொன்னிறமாகும். கையெழுத்துப்படியைப் படித்த தோழி ஒருத்தி, உணர்ச்சியை எழுதத் தெரியாதவர்கள் கையாளும் மலிவான உத்தி இது என்று சொல்லிவிட்டாள். பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளோபேரின் ‘மதாம் பொவாரி’ நாவலில் நாயகி எம்மாவின் கண்களும் ஓரிடத்தில் பழுப்பு, ஓரிடத்தில் கறுப்பு, ஓரிடத்தில் நீலம் என்று மாறுகின்றனவே, அது மட்டும் எப்படி இலக்கியமாகிறது? இந்த உத்தியை நான் கைவிட வேண்டுமா? இரண்டு அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன்.

தங்கள் வாசகி,
தஞ்சாவூர்

அன்புள்ள வாசகிக்கு,

இரண்டு அத்தியாயங்களையும் படித்தேன். உத்தியைக் கைவிட வேண்டாம். ஆனால் உங்கள் கிணற்றடிக் காட்சியை மறுபடியும் ஒருமுறை படித்துப் பாருங்கள். பின்னிரவில் நாயகி தனியாக நிற்கிறாள். தந்தை நிலத்தை விற்றுவிட்டதை நினைத்துக் குமுறுகிறாள். அவளுடைய கண்கள் பச்சையாக ஒளிர்ந்தன என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இருட்டில் அந்தப் பச்சையைக் கண்டது யார்? கண்ணாடி இல்லாமல் தன் கண்ணின் நிறத்தை எவராலும் தானே பார்க்க முடியாது என்பதால், கண் நிறம் மாறியது என்று எழுதும் ஒவ்வொரு முறையும், அதைக் காணும் இன்னொருவரையும் அவர் எவ்வளவு அருகில் நிற்கிறார் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது. உங்கள் தோழிக்கு உறுத்தியது நிறமாக இருக்காது; பார்ப்பவர் இல்லாமல் வந்து நின்ற நிறம்தான் என்று நினைக்கிறேன்.

எம்மாவின் கண்களைப் பற்றிய வழக்கு பழையது. ஆக்ஸ்ஃபோர்டில் பிரெஞ்சு இலக்கியம் கற்பித்த எனிட் ஸ்டார்க்கி, பாத்திரங்களின் புறத்தோற்றத்தில் ஃப்ளோபேருக்கு அக்கறையில்லை என்பதற்கு இந்தக் கண்களையே சான்றாகக் காட்டினார். ஜூலியன் பார்ன்ஸ் 1984இல் வெளியிட்ட ‘ஃப்ளோபேரின் கிளி’யில் ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கி அதற்கு மறுப்பு எழுதினார். நான் பார்ன்ஸின் பக்கம். 1857இல் நூலாக வந்த அந்த நாவலில், பண்ணை வீட்டில் முதன்முதலாக எம்மாவைக் காணும், பின்னாளில் அவளை மணக்கும் சார்லுக்கு அவளுடைய பழுப்புக் கண்கள் இமைமயிர்களின் செறிவால் கறுப்பாகத் தோன்றுகின்றன. திருமணத்திற்குப் பிறகு, ஒரு காலையில், தலையணையில் அவளுக்குப் பக்கத்தில் கிடந்தபடி அதே கண்களைப் பார்க்கிறான். அவை நிழலில் கறுப்பாகவும் நல்ல வெளிச்சத்தில் கருநீலமாகவும் இருக்கின்றன. அடியில் அடர்ந்து மேலே வரவரத் தெளியும் நிற அடுக்குகள் அவற்றில் தெரிகின்றன. அந்த ஆழத்தில் அவன் கடைசியாகக் காண்பது தன்னைத்தான்: தலையில் கட்டிய துணியும் திறந்த சட்டைக் கழுத்துமாக, தோள் வரைக்கும் தெரியும் மிகச் சிறிய உருவம். மனைவியின் கண்ணுக்குள் அவ்வளவு தூரம் இறங்கியும் தன் உருவத்தை மட்டுமே கண்டு திரும்பும் கணவனை நமக்குக் காட்டத்தான் அந்த நிறங்கள் வருகின்றன. உங்கள் கேள்விக்கு என் பதில் இந்தக் காட்சியில் இருக்கிறது.

இனி, உங்கள் கதை நம் மண்ணில் நடக்கிறது என்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். மனித உடலில் உணர்ச்சியால் மாறுவது நிற வளையம் அன்று. அதன் நடுவிலுள்ள பாவைதான். ஏறத்தாழ 2 மில்லிமீட்டரிலிருந்து 8 மில்லிமீட்டர் வரை அது விரியக்கூடியது. வெளிறிய நீலக் கண்ணில் அது விரியும்போது கண்ணே கறுத்தது போலத் தோன்றும். நம்மில் பெரும்பாலோருக்கு நிற வளையமே மெலனின் என்ற நிறமி மிகுந்து அடர்பழுப்பாக இருப்பதால், பாவை விரிந்தாலும் சுருங்கினாலும் எதிரில் நிற்பவருக்குத் தெரிவதில்லை. நம் கண்ணில் கண்ணுக்குப் புலப்படும்படி மாறுவது வெள்ளைப் பகுதி. அழுகையிலும் சினத்திலும் உறக்கமின்மையிலும் அதன் நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்து சிவக்கின்றன. ‘சேயரி மழைக்கண்’ என்று சங்கப் புலவன் பாடியது அந்த வெள்ளையில் ஓடும் செவ்வரிகளைப் பார்த்துத்தான்.

சிலப்பதிகாரத்தின் ஐந்தாம் காதை இந்திரவிழாவைப் பாடி முடிக்கும் இடத்தைப் பாருங்கள். கோவலன் மாதவியோடு இருக்கிறான். கண்ணகி தனியே இருக்கிறாள். அந்த இரு பெண்களையும் இளங்கோ ஒரே வரியில் நிறுத்துகிறார்: ‘கண்ணகி கருங்கணும் மாதவி செங்கணும்’. தேன் சிந்த நடுங்கும் கழுநீர் மலரைப் போல இரண்டு கண்களும் நீர் உகுக்கின்றன. முந்தைய காதையில்தான் கண்ணகியின் கண் ‘அஞ்சனம் மறப்ப’ என்று சொல்லியிருக்கிறார். ஆகவே இந்தக் கருமை மை தீட்டியதால் வந்தது அன்று. கலவியில் கண் சிவக்கும் என்பது அகமரபு. கணவனைப் பிரிந்தவளின் கண் தன் இயல்பான கருமையோடு கிடக்கிறது. அவன் உடனிருப்பவளின் கண் சிவந்திருக்கிறது. அடுத்து, ‘எண்ணும் முறை இடத்தினும் வலத்தினும் துடித்தன’ என்கிறார். கண்ணகிக்கு இடக்கண், மாதவிக்கு வலக்கண். பெண்ணுக்கு இடக்கண் துடித்தால் நன்மை, வலக்கண் துடித்தால் தீமை என்று அறிந்த வாசகருக்கு, பின்னால் கானல்வரிக் காதையில் கோவலன் மாதவியைப் பிரியப்போவது இங்கேயே தெரிந்துவிடுகிறது. நான்கு அடிகளுக்குள் இவ்வளவும் நடக்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இந்த இடத்தில் வாசிப்பு நின்றுவிடும்.

ஆனால் கதை அங்கே நிற்பதில்லை. மதுரையில், துன்பமாலைக் காதையில், கணவன் கொலையுண்ட செய்தி கேட்டு விழுந்து எழும் கண்ணகி ‘செங்கண் சிவப்ப அழுதாள்’. முன்பு மாதவிக்கு உரியதாக இருந்த சிவப்பு, கூடலின் அடையாளமாக இருந்த அதே சிவப்பு, இப்போது கைம்மையின் நிறமாகக் கண்ணகியிடம் வந்து சேர்கிறது. ஒரு நிறம் ஒரு பாத்திரத்திடமிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு நகர்வதைப் பதின்மூன்று காதைகள் இடைவெளியில் எழுதிக்காட்ட முடியும் என்றால், கோபத்துக்குப் பச்சை, துயரத்துக்கு நீலம் என்று அட்டவணை போட்டு நீங்கள் ஏன் உங்களைக் குறுக்கிக்கொள்ள வேண்டும்?

மாயப்புனைவில் உறுதியான விதி தேவை என்று நீங்கள் சொல்லக்கூடும். தேவைதான். ஸ்டெஃபனி மேயரின் ‘ட்விலைட்’ நாவலில் இரத்தம் குடித்து வாழும் எட்வர்டின் கண்கள் பசியில் கறுத்தும் பசியாறியபின் பொன்னிறமாகவும் இருக்கும். காரணம் தெரியாத நாயகி பெல்லா, காண்டாக்ட் லென்ஸ் போட்டிருக்கிறாயா என்று கேட்கிறாள். அங்கே நிறம் உணர்ச்சியின் பெயர்ப்பலகையாக நிற்கவில்லை. பசியை அளக்கும் கடிகாரமாக இருக்கிறது. காண்பவள் அதைத் தவறாகப் புரிந்துகொள்வதால் கதை நகர்கிறது.

எவ்வளவு சிறிய காரணம் போதும் என்பதற்குக் குறளின் ‘உறுப்புநலன் அழிதல்’ அதிகாரத்தின் கடைசி மூன்று பாக்களைப் படியுங்கள். அணைத்திருந்த கைகளை அவன் சற்றே தளர்த்துகிறான். அவளுடைய நெற்றி பசக்கிறது, அதாவது பிரிவால் நிறம் வெளிறுகிறது. அந்த இடைவெளியில் குளிர்ந்த காற்று நுழைகிறது:

‘முயக்கிடைத் தண்வளி போழப் பசப்புற்ற
பேதை பெருமழைக் கண்.’

காற்று நுழையும் அளவுக்கு ஏற்பட்ட பிரிவில் கண் நிறம் இழக்கிறது; அதைக் கண்டவன், அவ்வளவு அருகில் இருந்த அவன் ஒருவன்தான். அடுத்த பாவில், நெற்றி செய்ததைப் பார்த்துக் கண்ணின் பசப்பே வருந்துகிறது. உங்கள் நாவலின் இரண்டு அத்தியாயங்களில் கண் பதினொரு முறை நிறம் மாறுகிறது. ஒருமுறைகூட இந்த அருகாமை இல்லை.

கிணற்றடிக்குத் திரும்புவோம். நாயகியின் தம்பி முதல் அத்தியாயத்தில் தண்ணீர்க் குடத்தோடு வருகிறான். பிறகு அவனை நீங்கள் மறந்துவிட்டீர்கள். அவனை அந்தப் பின்னிரவில் கிணற்றடிக்கு வரவழையுங்கள். கையில் ஒரு சிம்னி விளக்கு இருக்கட்டும். அவன் அக்காளின் முகத்துக்கு நேரே விளக்கை உயர்த்தட்டும். பச்சை என்ற சொல்லை எழுதாமல், அவன் ஓரடி பின்வாங்குவதை எழுதுங்கள். தன் கண்ணில் ஏதோ நேர்ந்துவிட்டது என்பதை அவள் அவனுடைய முகத்திலிருந்து தெரிந்துகொள்ளட்டும். நிறத்தை அவன் மறுநாள் காலையில் அம்மாவிடம் சொல்லலாம், அல்லது சொல்லாமலே இருக்கலாம்.

திருத்தி எழுதியதும் அந்த அத்தியாயத்தை மட்டும் அனுப்பி வையுங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்.