பழைய ஜீப், பிடிவாதத் துரு: கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் 'எந்தப் பெயிண்ட் அடிக்கலாம்?' என்றுதான் கேட்கின்றன. வண்டியில் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பெயிண்டைப் பற்றிக் கடைசியில் பேசலாம். முதலில் தண்ணீர்.

கேள்வி: நாற்பது வருடப் பழைய ஜீப். சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) முழுவதும் செந்நிறத் துரு. ஓட்டை எதுவும் கண்ணில் படவில்லை. பயப்பட வேண்டுமா?

கண்ணை நம்பாதீர்கள், காதை நம்புங்கள். சிறு சுத்தியலால் சேசிஸை முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உளுத்துப்போன இடம் மந்தமாக ஒலிக்கும். அந்த இடத்தை ஸ்குரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் முடிவு தெரிந்துவிட்டது.

சேசிஸ் தகடு பொதுவாக 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். மேலே செம்பொடியாகப் படிந்திருப்பது அதில் சொற்பத்தையே தின்றிருக்கும். கவலைக்குரியது செதில் செதிலாக உரிவதும், பெட்டி வடிவச் சட்டத்துக்குள்ளே நடப்பதும்தான். சேசிஸின் அடியில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் துளைகள் சேற்றால் அடைபட்டிருந்தால், சட்டம் உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வரும். வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே வேலை ஏறக்குறைய முடிந்திருக்கும். பின் குறுக்குச் சட்டம், ஸ்பிரிங் தாங்கிகள், பாடி உட்காரும் ரப்பர்களின் அடிப்பகுதி ஆகிய மூன்றையும் விடாமல் தட்டிப் பாருங்கள். மடக்கிய கம்பியைத் துளைக்குள் விட்டுக் கிளறினால் எவ்வளவு காய்ந்த சேறு கொட்டுகிறது என்று பார்த்து மலைத்துப்போவீர்கள்.

அடியில் படுப்பதற்கு முன் வண்டியைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்ட் போடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. இதை ஒவ்வொரு முறையும் சொல்கிறேன், இனியும் சொல்வேன். சேசிஸின் நிலைமை தெரியாத வண்டிக்கு ஸ்டாண்டை அச்சின் கீழே வையுங்கள். உளுத்த சேசிஸில் வைத்தால் ஸ்டாண்ட் அதற்குள்ளேயே புகுந்துவிடும்.

கேள்வி: துரு மாற்றி திரவம் இரண்டு கோட் அடித்தேன். சில மாதங்களில் மறுபடியும் துரு. கலப்பட மருந்தா?

மருந்தைக் குறை சொல்வதற்கு முன் உங்கள் கடிதத்தை நீங்களே ஒருமுறை வாசித்திருக்கலாம். 'செதில்களின் மேல் தாராளமாக அடித்தேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் அதுதான்.

இந்தத் திரவங்களில் பெரும்பாலும் டானிக் அமிலமோ பாஸ்பரிக் அமிலமோ இருக்கும். டானிக் அமிலம் துருவை நீலக்கருப்பான இரும்பு டானேட்டாக மாற்றும். பாஸ்பரிக் அமிலம் இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். இரண்டும் மெல்லிய, கெட்டியாக ஒட்டியிருக்கும் துருவில்தான் வேலை செய்யும். தடித்த செதிலில் மேற்புறம் மட்டும் கறுக்கும், அடியில் உள்ளது தன் வேலையைத் தொடரும். கம்பி பிரஷ்ஷோ கிரைண்டரோ வைத்து உதிர்வதையெல்லாம் உதிர்த்த பிறகே திரவத்தைத் தொட வேண்டும். கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டும்போது பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். அந்தக் கம்பிகள் அறுந்து ஊசிபோல் பறக்கும்.

உப்பு பட்ட வண்டியானால் திரவத்துக்கு முன் நல்ல தண்ணீரில் அலசி, முழுக்கக் காயவிடுங்கள். துருக்குழிக்குள் தங்கிய உப்பு, மேலே நீங்கள் எதைப் பூசினாலும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இன்னொன்று, பளபளக்கும் வெற்று இரும்பில் டானிக் அமில வகையை அடித்துப் பயனில்லை. மாற்றுவதற்கு அங்கே துருவே இல்லையே.

கேள்வி: கழற்றிய சிறு பாகங்களுக்கு வினிகரா, சிட்ரிக் அமிலமா, மின்னாற்பகுப்பா?

மூன்றும் ஆகும். நான் சிட்ரிக் அமிலத்தையே விரும்புவேன். வெதுவெதுப்பான தண்ணீரில் 5 சதவீதம் போலக் கரைத்து இரவு முழுக்க ஊறவிட்டால் கதவுக் கீல், பிராக்கெட் போன்றவை சாம்பல் நிறமாகச் சுத்தமாகிவிடும். எடுத்ததும் அலசி, சமையல் சோடாக் கரைசலில் முக்கி, சூடான காற்றில் உலர்த்தி உடனே பிரைமர் என்ற அடிப்பூச்சை அடியுங்கள். 'நாளைக்கு அடிக்கலாம்' என்று வைத்தால் காலையில் மஞ்சள் படலம் உங்களை வரவேற்கும்.

மின்னாற்பகுப்பு, அதாவது பாகத்தைக் கரைசலில் மூழ்கவைத்து மின்சாரம் செலுத்தித் துருவை எடுக்கும் முறை, செய்த ஒருவர், 'பாகம் கரைந்து மெலிந்துவிட்டது, சார்ஜர் சரியில்லை' என்று எழுதுகிறார். எந்தக் கம்பியை எங்கே மாட்டினார் என்று சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம், பாசிட்டிவைப் பாகத்தில் மாட்டியிருக்கிறார். துருப்பிடித்த பாகத்துக்கு நெகட்டிவ், பலியாகும் பழைய இரும்புத் துண்டுக்கு பாசிட்டிவ். தண்ணீரில் சலவைச் சோடா, 5 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். உப்புப் போடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். பலித் துண்டாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் வைக்காதீர்கள்; அதிலிருந்து நச்சுத்தன்மையுள்ள குரோமியம் கரைந்து வரும். ஹைட்ரஜன் வெளிவருவதால் திறந்த வெளியில் செய்யுங்கள்.

கடினப்படுத்திய போல்ட், ஸ்பிரிங் பட்டை, சீட் பெல்ட் போல்ட் ஆகியவற்றை அமிலத்திலும் போடக் கூடாது, மின்னாற்பகுப்பிலும் போடக் கூடாது. ஹைட்ரஜன் உள்ளே புகுந்து இரும்பை நொறுங்கக்கூடியதாக ஆக்கிவிடும். போல்ட் புதிதாக வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: சமீபத்தில் வாங்கிய பழைய வண்டி. அடிப்பக்கம் பளபளவென்று கருப்பு ரப்பர் அண்டர்கோட்டிங். துருவே இல்லை. பாதுகாப்புக்கு இன்னொரு கோட் அடிக்கலாமா?

'துருவே இல்லை' என்று யார் சொன்னது? துரு தெரியவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கருப்புப் பூச்சின் மேல் எனக்கு நெடுநாள் பகை. புதிய, சுத்தமான இரும்பில், நல்ல பிரைமருக்கு மேல் அடித்தால் அதற்குப் பயன் உண்டு. கல்லடியைத் தாங்கும், சத்தத்தைக் குறைக்கும். ஆனால் பத்தில் ஒன்பது பழைய வண்டிகளில் அது துருவின் மேலேயே, சேற்றின் மேலேயேகூட அடிக்கப்பட்டிருக்கிறது. வருடங்கள் போனால் பூச்சு இறுகும். கல் பட்டு எங்கோ ஒரு நூலளவு விரிசல் விடும். அந்த விரிசல் வழியாகத் தண்ணீர் தானாகவே உள்ளே ஏறும். ஏறிய தண்ணீருக்கு வெளியே போக வழி கிடையாது. வெற்று இரும்பாக இருந்திருந்தால் மழை விட்ட சில மணி நேரத்தில் காய்ந்திருக்கும்; பூச்சுக்கு அடியில் அது வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் பூச்சைத் தூக்கிவிடும், விரிசல் பெரிதாகும், இன்னும் தண்ணீர் வரும். ஈரத்துணியை இரும்பில் கட்டி வைப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

இப்படிப்பட்ட சேசிஸ்களில் மழுங்கிய சுரண்டியை நுழைத்தால் பூச்சு முழங்கை நீளத்துக்கு ஒரே தகடாகக் கழன்று வரும். அதன் உட்புறத்தில் சேசிஸின் வெல்டிங் தையல், ரிவெட் தலை எல்லாம் அச்சுப் பதிந்ததுபோல் அப்படியே இருக்கும். சேசிஸில்தான் அவை இருக்காது. பழுப்புத் தூள் கொட்டும்.

விற்பதற்கு முந்தைய வாரம் அடித்ததா என்று கண்டுபிடிப்பது எளிது. போல்ட் தலை, பிரேக் குழாய், ரப்பர் புஷ், சைலன்சர் வரை எல்லாமே கருப்பாக இருந்தால் அது பாதுகாப்புக்காக அடித்ததல்ல, மறைப்பதற்காக அடித்தது. தண்ணீர் வடியும் துளைகளையும் சேர்த்து அடைத்திருப்பார்கள். அதைப் பார்த்தால் எனக்கு வரும் கோபத்தை இங்கே எழுத முடியாது.

என்ன செய்யலாம்? இன்னொரு கோட் வேண்டாம். சந்தேகமான இடங்களில் சூடான காற்று வீசும் கருவியால் இளக்கிச் சுரண்டிப் பாருங்கள். நெருப்புச் சுடரைக் கொண்டுபோகாதீர்கள். கெட்டியாக ஒட்டியிருப்பதை விட்டுவிடலாம், விளிம்பு தூக்கியிருப்பதெல்லாம் போக வேண்டும். துருவை நீக்கி எபாக்சி பிரைமர், பெயிண்ட் என்று முடித்துவிட்டு, மேலே இறுகாத பூச்சு ஒன்றை அடியுங்கள். மெழுகு வகையோ, ஆட்டுரோமக் கொழுப்பான லேனோலின் வகையோ நல்லது. இவை கீறல் விழுந்தாலும் மெல்லப் பரவி மூடிக்கொள்ளும், அடியில் நடப்பதை மறைக்காது. பார்க்க அழகாக இராது, தூசி ஒட்டும், வருடம் ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டுத்தான் எல்லோரும் கருப்பு ரப்பருக்குப் போகிறார்கள்.

அடிக்கும் முறையும் முக்கியம். வண்டியைக் கழுவிச் சில நாள் நன்றாகக் காயவிட்ட பின், முதலில் சேசிஸின் உட்புறம். எல்லாத் திசையிலும் தெளிக்கும் முனை கொண்ட நீளக் குழாயை மறுமுனை வரை நுழைத்து, தெளித்தபடியே மெதுவாக வெளியே இழுங்கள். பிறகு வெளிப்புறம். பிரேக் டிஸ்க், டிரம், சைலன்சர், ரப்பர் புஷ் ஆகியவற்றை மூடிவிடுங்கள். முடித்ததும் வடிதுளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். துளை திறந்திருக்கிறதா என்று மறுநாளும் பாருங்கள்.

கேள்வி: பழைய லேண்ட் ரோவர். பாடி அலுமினியம்தானே, துருப்பிடிக்காதே? கதவின் அடியில் ஏன் வெள்ளைப் பொடி?

1948-இல் அந்த வண்டி வந்தபோது பிரிட்டனில் இரும்புக்குத் தட்டுப்பாடு. அதனால் பாடித் தகடுகளை பிர்மாப்ரைட் என்ற அலுமினியக் கலவையில் செய்தார்கள். ஆனால் சேசிஸும், எஞ்சினுக்கும் உங்கள் காலுக்கும் நடுவில் நிற்கும் தடுப்புச் சுவரும், கதவின் உட்சட்டமும் இரும்பு. இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டு, நடுவில் ஈரம் இருந்தால் அலுமினியம்தான் முதலில் பலியாகும். அந்த வெள்ளைப் பொடி அலுமினியத்தின் துரு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தகட்டைக் கழற்றி இரண்டு பக்கமும் சுத்தம் செய்து பெயிண்ட் அடித்து, நடுவில் மின்சாரம் கடத்தாத இணைப்புப் பசையோ டேப்போ வைத்துப் பூட்டுங்கள். போல்ட்டுக்கு நைலான் வாஷர் போடுங்கள். கிராபைட் கிரீஸ் அங்கே வேண்டாம். வெள்ளைப் பொடியைத் துடைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்தத் தடுப்புச் சுவரின் கால் வைக்கும் பகுதியையும் பாய் எடுத்துப் பாருங்கள். பெரிய செலவு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

கேள்வி: பேட்டரியில் இணைத்தால் துருவைத் தடுக்கும் மின்னணுக் கருவி விற்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். கப்பலிலும் நிலத்தடிக் குழாயிலும் மின்னோட்டத்தால் துருவைத் தடுப்பது உண்மை. அவை எப்போதும் தண்ணீரிலோ ஈர மண்ணிலோ இருக்கின்றன. மின்னோட்டம் அதன் வழியே சுற்றி வரும். உங்கள் வண்டி காற்றில் நிற்கிறது.

கேள்வி: சேசிஸை முழுவதும் கழற்றிவிட்டேன். துத்தநாகக் குளியல் கொடுப்பது நல்லதா?

மிக நல்லது. இவ்வளவு கழற்றிய பிறகு கொடுக்காமல் விட்டால்தான் வருத்தம். உருகிய துத்தநாகம் சுமார் 450 டிகிரி வெப்பத்தில், பெட்டிச் சட்டத்தின் உட்புறம் வரை போய்ப் பூசும். எந்தப் பிரஷ்ஷும் அங்கே எட்டாது.

ஆனால் எல்லா வெல்டிங் வேலையையும் முன்னதாகவே முடித்துவிடுங்கள். மூடிய சட்டங்களில் காற்றுப் போகத் துளை இருக்க வேண்டும். இல்லையென்றால் குளியலில் வெடிக்கும். மெலிந்த சேசிஸ் கொஞ்சம் வளையவும் கூடும், ஆகவே முன்னும் பின்னும் மூலைக்கு மூலை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் அதில் வெல்டிங் செய்ய நேர்ந்தால் அந்த இடத்துத் துத்தநாகத்தைத் தேய்த்து எடுத்துவிட்டுச் செய்யுங்கள். அதன் புகை காய்ச்சல் தரும்.

கேள்வி: கதவுக்குக் கீழே ஓடும் சட்டத்தில் உள்ளங்கை அளவு ஓட்டை. பட்டி பார்த்து மூடலாமா, மேலே தகடு வைத்து வெல்டிங் செய்யலாமா?

இரண்டும் கூடாது. நல்ல இரும்பு தென்படும்வரை வெட்டி எடுத்துவிட்டு அதே தடிமனில் புதுத் தகடு வையுங்கள். பழைய துருவின் மேல் தகடு வைத்தால் இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் தேங்க நீங்களே அறை கட்டித் தருகிறீர்கள். பேட்டரியைக் கழற்றுங்கள், பெட்ரோல் டேங்க் பக்கத்தில் இருந்தால் அதையும் இறக்குங்கள், சட்டத்துக்குள் பழைய மெழுகு இருந்தால் தீப்பிடிக்கும் என்பது நினைவிருக்கட்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் செய்யவே செய்யாதீர்கள். உயிரைக் குடிக்கும் ஃபாஸ்ஜீன் வாயு வரும். ஸ்டாண்ட் போட்டீர்களா?

கேள்வி: பிரைமரோடு சில மாதம் ஓட்டலாமா?

சாதாரண பிரைமர் ஈரத்தை உறிஞ்சும், எனவே கூடாது. எபாக்சி பிரைமர் என்றால் சில வாரம் தாங்கும். பிறகு உப்புத்தாளால் தேய்த்துத்தான் பெயிண்ட் அடிக்க வேண்டும்.

கேள்வி: கடற்கரை மணலில் ஓட்டினேன். வண்டியைக் கதகதப்பான மூடிய கொட்டகையில்தான் நிறுத்துகிறேன். போதாதா?

உப்போடு கதகதப்பான கொட்டகையில் நிறுத்துவது, குளிரில் வெளியே நிறுத்துவதைவிட மோசம். வெப்பம் துருவை வேகப்படுத்தும். அன்றே நல்ல தண்ணீரில் அடிப்பக்கம், சேசிஸின் உட்புறம், சக்கர வளைவுகளின் மடிப்பு எல்லாம் அலசிவிட்டுக் காற்றோட்டமான இடத்தில் நிறுத்துங்கள்.

கேள்வி: பிரேக் குழாயில் துருப் புள்ளிகள். உப்புத்தாளால் தேய்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டேன். சரிதானே?

சரியில்லை. தேய்த்ததில் குழாயின் சுவர் இன்னும் மெலிந்திருக்கும். செம்பு-நிக்கல் குழாயாக மாற்றுங்கள். மாற்றும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.