கச்சானுக்கு உப்புக் காணுமா?

அன்புள்ள அண்ணா,

நான் முள்ளியவளையில் ஆசிரியை. பெரியக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். கீமோ முடிந்து, இப்போது தெல்லிப்பளையில் தங்கிக் கதிர்ச் சிகிச்சை எடுக்கிறா. சனி, ஞாயிறுகளில் போய் அவவோடு இருப்பேன். அங்கே இருப்பவர்களின் துணிவைப் பார்த்துவிட்டு வந்தால், இரண்டு நாளைக்கு என் கவலை ஒன்றும் பெரிதாகத் தெரிவதில்லை. சம்பள நிலுவை, இடமாற்றம் எல்லாம் சின்ன விடயமாகிவிடும். இதை அக்காவிடம் சொன்னபோது, "உனக்குத் தெம்பு வர எனக்கு வருத்தம் வரவேண்டிக் கிடந்ததோ?" என்று சிரித்தா. எனக்குக் குத்திவிட்டது. ரொறன்ரோவிலிருந்து மருமகள், புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் காசு சேர்க்கிற டெரி பொக்ஸ் ஓட்டத்தில் அக்காவின் பெயரை முதுகில் எழுதி ஓடிய படத்தை அனுப்பியிருந்தாள். அதைப் பார்த்தும் அக்கா ஒன்றும் சொல்லவில்லை. மற்றவர்களின் நோயிலிருந்து நாங்கள் துணிவு எடுப்பது பிழையா?

— ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா கேட்டது நல்ல கேள்வி. நான் சொல்லப்போவதை அவர் ஒத்துக்கொள்வாரோ தெரியாது.

எங்கள் ஒழுங்கையில் கச்சான் கடலை விற்கிற அம்மா ஒருவர் இருக்கிறார். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கடை போடுவார், மற்ற நாட்களில் கிளிநொச்சியில் சந்தியோரம். இரண்டு வருடத்துக்கு முன் அவருக்கும் உங்கள் அக்காவின் வருத்தம்தான். 21 நாளுக்கு ஒரு தடவை, விடியமுதல் பஸ் பிடித்து யாழ்ப்பாணம், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் தெல்லிப்பளை. போக மட்டும் எண்பது கிலோமீற்றர் அளவில் வரும். திரும்பி வரும்போது கையில் கிளினிக் கொப்பியும் வாந்திக்கு ஒரு பையும்.

மூன்றாவது கீமோவோடு நாக்கு போய்விட்டது. எதைத் தின்றாலும் தகரத்தை நக்கியது போல இருக்கிறது என்றார். கச்சானை உப்புத்தண்ணீரில் ஊறவைத்து, மணலில் வறுப்பவர் அவர். மணத்திலேயே பதம் தெரிந்துவிடும், ஆனால் உப்புக்கு நாக்கு வேண்டுமே. ஒரு நாள் பின்னேரம் வேலிக்கு மேலால் ஒரு பிடி நீட்டி, "தம்பி, உப்புக் காணுமோ பார்" என்றார். அன்றிலிருந்து எனக்கு அந்த வேலை.

நான் அதை ஒழுங்காகச் செய்யவில்லை. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்போதும் "காணும், நல்லாயிருக்கு" என்பேன். ஒரு நாள் உப்புக் கரித்து, வாங்கியவர்கள் இரண்டு பேர் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். எனக்கு நல்ல ஏச்சு. "என்ர வருத்தத்தைப் பாத்துச் சொல்லாதை. நாக்கில பட்டதைச் சொல்லு."

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஏதாவது இருந்தால் அது இந்த ஏச்சுத்தான். அதுவரை அவருடைய துணிவை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று வியந்துகொண்டிருந்தேன். அவருக்குத் தேவைப்பட்டது வியக்கிற ஆள் இல்லை, உப்புப் பார்க்கிற ஆள். அப்புறம் மருந்து மாறி விரல்கள் மரத்துப்போயின. கடதாசிச் சரை சுற்ற வரவில்லை, தாச்சி சுட்டாலும் உடனே தெரியவில்லை. அதற்குப் பேரன் வந்து சேர்ந்தான்.

வன்னியில் இன்னொரு தொல்லை இருக்கிறது, நீங்களும் கேட்டிருப்பீர்கள். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும், "செல்லடிக்கே தப்பி வந்த உனக்கு இதெல்லாம் ஒரு வருத்தமோ?" என்பார்கள். அவரும் 2009இல் முள்ளிவாய்க்கால் வரை போய், மெனிக்பாம் முகாமில் கிடந்து வந்தவர்தான். நல்ல மனதோடு சொல்வதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதைக் கேட்ட பிறகு அந்த மனிசி எப்படி வாய் திறந்து பயமாயிருக்கிறது என்று சொல்லும்? ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "செல்லடிக்கேக்க எல்லாரும் சேந்துதான் பயந்தம். பங்கருக்குள்ள பக்கத்தில ஆள் இருந்தது. இதுக்கு நான் தனியப் பயப்பிட வேண்டிக் கிடக்கு." எனக்குப் பதில் வரவில்லை. இப்போதும் இல்லை.

டெரி பொக்ஸ் விடயத்துக்கு வருகிறேன். 18 வயதில் எலும்புப் புற்றுநோயால் வலது காலை முழங்காலுக்கு மேலே இழந்த பெடியன். 1980 ஏப்ரலில் கனடாவின் கிழக்குக் கரையில் தொடங்கி, செயற்கைக் காலோடு 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் ஓடினார். பிறகு தண்டர் பே அருகே நின்றுவிட்டார். புற்று நுரையீரலுக்கு வந்திருந்தது. அடுத்த வருடம் ஜூனில் இறந்தபோது வயது 22. படங்களில் அவர் ஓடிக்கொண்டே இருக்கிறார். நின்ற நாள் எங்கள் கண்ணில் படுவதில்லை. உங்கள் அக்கா அந்தப் படத்தில் எதைப் பார்த்தாரோ, யாருக்குத் தெரியும்.

ஆனால் ஒன்று. டெரி பொக்ஸும் முதலில் உங்களைப் போல மற்ற நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்தான். ஓட்டத்துக்கு உதவி கேட்டு 1979இல் எழுதிய கடிதத்தில், சிகிச்சைக்குப் போன இடத்தில் துணிந்து சிரித்த முகங்களையும் கண்டேன், சிரிப்பதை விட்டுவிட்டவர்களையும் கண்டேன் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். இரண்டு பக்கத்தையும் கண்டவர். உங்கள் கடிதத்தில் சிரிக்கிறவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பவர்கள் அந்த விடுதியில் இல்லையா?

அக்கா படுத்திருக்கிற இடத்துக்கும் ஒரு நடை உண்டு. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாட்கள் நடந்து காசு சேர்த்தார்கள், தெல்லிப்பளை வைத்தியசாலைக்காக. 2016இல் அதே நடை வடக்கிலிருந்து தெற்கே, காலியில் கராப்பிட்டியில் ஒரு புற்றுநோய் வைத்தியசாலைக்காக. நடந்தவர்கள் தெம்பு பெற்றார்களோ இல்லையோ, கட்டில் கிடைத்தது.

துணிவு எடுப்பது பிழையில்லை, தங்கை. ஆனால் உங்கள் சம்பள நிலுவை ஏன் சின்ன விடயமாக வேண்டும்? அது உங்களுக்கு வரவேண்டிய காசு. அதை அக்காவிடமே சொல்லிப் புலம்புங்கள். கதிர்ச் சிகிச்சை வார நாட்களில்தான். சனி, ஞாயிறில் கிட்ட இருக்கிறவர்கள் வீட்டுக்குப் போய்விட, தூரத்துச் சனம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். இடமாற்றத்தில் உங்களுக்கு என்ன அநியாயம் நடந்தது என்று கேட்டு, உங்களுக்காகக் கோபப்பட அவருக்கும் ஒரு சந்தர்ப்பம் கிடைக்கட்டும். இவ்வளவு நாளும் எல்லாரும் அவருடைய கதையைத்தானே கதைத்திருப்பீர்கள்.

அவருக்கு இப்போது வாய்க்கு எது பிடிக்கிறது என்று எழுதுங்கள். கச்சான் என்றால் பஸ்ஸில் கொடுத்துவிடலாம். உப்பு நான் பார்த்ததுதான்.