கதை முன்பே தெரிந்த துன்பியல் நாடகத்தை, அதுவும் கல்லூரி மாணவர்கள் நடிக்கும்போது, ஏன் போய்ப் பார்க்க வேண்டும்?

கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், உங்களுக்குத் தெரிந்த யாரோ நடிக்கிறார், அழைப்பிதழும் வந்துவிட்டது, போகாமலிருக்க நல்லதொரு காரணம் தேடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. போய்வாருங்கள் என்பதே என் பதில். நான் அரங்கியல் படித்தவன் அல்லன், பாடசாலையில் கணிதம் கற்பிப்பவன். விஷயம் தெரிந்தவர்கள் என்னைத் தாராளமாகத் திருத்தலாம். ஆனால் கதை தெரிந்துவிட்டால் நாடகத்தில் பார்க்க எதுவுமில்லை என்பதை இலங்கை மலையகத்தில் பிறந்தவன் ஒப்புக்கொள்ள மாட்டான். மாசி மாதம் காமன் கூத்து நடக்கும் தோட்டங்களில், சிவனின் நெற்றிக்கண்ணால் காமன் எரிந்துபோவான் என்பது கைக்குழந்தையைத் தவிர எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அந்தக் குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், ரதி புலம்பத் தொடங்கியதும் போன வருடம் அழுத அதே பெண்கள் இந்த வருடமும் அழுவார்கள். கி.மு. 441 அளவில் ஏதென்சில் கிரேக்க நாடகாசிரியர் சோபொக்கிளிஸின் ‘அன்டிகனி’யைப் பார்த்தவர்களும் அன்டிகனியின் தந்தை ஈடிப்பஸின் குடும்பத்துக் கதியை அறிந்தே வந்தார்கள்.

அந்த நாடகத்தைக் கல்லூரியொன்றில் மாணவர்கள் தமிழில் மேடையேற்றியபோது அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். அம்மா முப்பத்தெட்டு வருடம் கொழுந்து பறித்தவர், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். ‘கொழுந்து பறித்தவருக்குக் கிரேக்க நாடகமா’ என்று சக ஆசிரியர் ஒருவர் சிரித்தார். இந்தப் பதிலை எழுத அதுவும் ஒரு காரணம் என்பதை மறைக்கவில்லை. போகும் வழியில் பஸ்ஸிலேயே கதையைச் சொன்னேன்: சகோதரர் இருவர் ஆட்சிக்காகப் போரிட்டு ஒருவரையொருவர் கொன்றுவிடுகிறார்கள், ஒருவனுக்கு மரியாதையுடன் அடக்கம் நடக்கிறது, படையெடுத்து வந்தவனை எவரும் புதைக்கக் கூடாது என்று மன்னன் கிரியோன் கட்டளையிடுகிறான், சகோதரி அன்டிகனி அதை மீறுகிறாள்.

நடிப்பு முழுவதும் ஒரே தரமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். கிரியோனாக வந்த பையன் கோபம் என்றால் கத்துவது என்று நினைத்திருந்தான். பாடகர் குழுவின் முதியவர்களுக்கு ஒட்டிய தாடிகளில் ஒன்று இரண்டாம் பாட்டிலேயே தொங்கிவிட்டது. மூல நாடகத்தில் அன்டிகனி மண் தூவுவது மேடைக்கு வராது, காவலாளி வந்து சொல்லித்தான் தெரியவரும். இவர்கள் அதைக் காட்டினார்கள். அந்த மாணவி தகர வாளியில் உண்மையான மண் கொண்டுவந்து, உடல்மீது கைநிறைய அள்ளிப் போட்டாள். முகத்தருகே வந்ததும் உள்ளங்கையை விரித்து, அதிலிருந்த சிறு கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்துவிட்டு, மீதியை விரலிடுக்கு வழியாக மெதுவாக விட்டாள். பிறகு மூன்று தடவை நீர் வார்த்தாள். அந்த மூன்று, சோபொக்கிளிஸ் எழுதியது. நம் சடங்கிலிருந்து இவர்கள் எடுத்துச் சேர்த்தது அன்று. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

அம்மாவின் தம்பி கொழும்பில் கடையொன்றில் வேலை செய்தவர். 2020 டிசம்பரில் கோவிட்டால் இறந்தார். அப்படி இறந்தவர்களைப் புதைக்க 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை நாட்டில் அனுமதி இருக்கவில்லை, எரிக்க மட்டுமே முடிந்தது. அதனால் மிக ஆழமாகக் காயப்பட்டவர்கள் முஸ்லிம் மக்கள். எங்கள் துயரத்தை அதற்கு இணையாக வைக்கவில்லை. எங்கள் குடும்பத்திலும் புதைப்பதே வழக்கம், தோட்டத்து மயானத்தில் தாத்தாவுக்குப் பக்கத்தில் மாமாவுக்கு விட்டுவைத்த இடம் இன்றும் புல் மண்டிக் கிடக்கிறது. நாடகத்துக்குப் புறப்பட்டபோது இது என் நினைவுக்கு வரவேயில்லை என்றால் நீங்கள் நம்புவீர்களோ தெரியாது.

அம்மா அழவில்லை. பார்வையற்ற தீர்க்கதரிசி எச்சரித்த பின் கிரியோன் மனம் மாறுகிறான். உயிரோடு குகையில் அடைத்த பெண்ணை விடுவி, இறந்தவனுக்குக் கல்லறை எழுப்பு என்று முதியவர்கள் சொல்கிறார்கள். அவனோ பிணத்தை முதலில் அடக்கம் செய்துவிட்டுக் குகைக்குப் போகிறான், அதற்குள் அவள் உயிரை மாய்த்துக்கொண்டுவிட்டாள். தூதுவன் இதை விவரித்தபோது, முன்வரிசைக்குக் கேட்கும்படி அம்மா சொன்னார்: “மொதல்ல உசிரோட இருக்க புள்ளய வெளிய எடுத்திருக்கணும். செத்தவன் எங்க போயிறப்போறான்?” நாடகத்தை மூன்று தடவை வாசித்த எனக்கு அந்த வரிசை மாறியது கண்ணில் பட்டதேயில்லை. முடிவு என்னவென்ற தவிப்பு இல்லாததால், எந்த இடத்தில் பிசகியது என்று அம்மாவால் பார்த்துக்கொண்டிருக்க முடிந்தது.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். ஐந்து மணிக்கு என்று அழைப்பிதழில் அச்சிட்ட நாடகம், மங்கள விளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, பிரதம விருந்தினர் உரை எல்லாம் முடிந்து ஆறேகாலுக்குத்தான் தொடங்கியது. ஹட்டனில் இறங்கியபோது பொகவந்தலாவைக்கான கடைசி பஸ் போய்விட்டது. ஆட்டோ பிடித்தோம். வழி நெடுக அம்மா ஆட்டோக்காரத் தம்பிக்குக் கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தார். கிரியோனின் பெயர் மட்டும் வாயில் நுழையவில்லை, கடைசிவரை ‘அந்தத் தொர’ என்றே சொன்னார்.