கோத்தகிரி பலூன் கார் ஏன் சீக்கிரம் நிற்கிறது? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோத்தகிரி பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். கண்காட்சிக்காகப் பிள்ளைகள் பலூன் கார் (பலூனிலிருந்து பீறிடும் காற்றால் ஓடும் பொம்மைக் கார்) செய்திருக்கிறார்கள். இணையத்தில் பார்க்கும் கார்கள் நாலைந்து மீட்டர் ஓடுகின்றன. எங்களுடையது 1.2 மீட்டரில் நின்றுவிடுகிறது. “மலையில் காற்று மெல்லிசு, பலூனுக்கு இங்கே அவ்வளவுதான் பலம்” என்றார் சக ஆசிரியர் ஒருவர். பிள்ளைகள் அதையே முடிவாக சார்ட்டில் எழுதிவிட்டார்கள். இது சரிதானா?

செய்முறைகளில் எல்லாம் பிளாஸ்டிக் பாட்டில், பிளாஸ்டிக் ஸ்ட்ரா என்றே போட்டிருக்கிறது. எங்கள் ஊர்க் கடைகளில் இரண்டும் கிடையாது. அதனால் அட்டைப்பெட்டியில் உடல், காகித ஸ்ட்ரா, அச்சுக்கு 3 மி.மீ. மூங்கில் குச்சி, சக்கரத்துக்கு சோடா மூடி. மொத்தம் 60 கிராம். காற்று வெளியேறுவதற்கும் 6 மி.மீ. காகித ஸ்ட்ராதான். பலூனை ஆறு மூச்சு ஊதுகிறோம். எதை மாற்றலாம்?

ஓர் ஆசிரியை, கோத்தகிரி

*

வணக்கம் டீச்சர்,

சார்ட்டில் அந்த வரியை மட்டும் இப்போதைக்கு அழித்துவிடச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் காற்று மெல்லிசு என்பது சரி. கார் நிற்பதற்கு அதுதான் காரணம் என்பது கணக்குக்கு ஒத்துவரவில்லை.

கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையில் ஒரு கன மீட்டர் காற்று 1.16 கிலோ இருந்தால், உங்கள் வகுப்பறையில் 0.98 கிலோ இருக்கும். ஆறில் ஒரு பங்கு குறைவு. ஆனால் காரைத் தள்ளும் விசை எவ்வளவு என்பது பலூனின் ரப்பர் கையில் இருக்கிறது. ஊதிய பலூனுக்குள் அழுத்தம் வெளியே இருப்பதைவிட 2 முதல் 3 கிலோபாஸ்கல் கூடுதல். அந்தக் கூடுதலைக் கொடுப்பது இழுபட்ட ரப்பர். மலையடிவார மேட்டுப்பாளையத்திலும் மலையுச்சித் தொட்டபெட்டாவிலும் அதே பலூன் அதே கூடுதலைத்தான் கொடுக்கும். தள்ளுவிசை என்பது அழுத்த வித்தியாசத்தைத் துளையின் பரப்பால் பெருக்கி, அதை இரண்டு மடங்காக்கினால் வருவது. காற்றின் அடர்த்தி இதில் வரவே இல்லை. மெல்லிய காற்று வேகமாகப் பீறிடும், கனத்த காற்று நிதானமாக வெளியேறும், தள்ளு ஒன்றாகவே இருக்கும்.

உயரத்தால் மாறுவது ஒன்று உண்டு. வேகமாக வெளியேறுவதால் பலூன் சீக்கிரம் காலியாகிவிடும். 3 லிட்டர் பலூன் 6 மி.மீ. துளை வழியாகச் சென்னையில் 2.4 வினாடியில் காலியாகும் என்றால் கோத்தகிரியில் 2.2 வினாடி. ஓடும் தூரம் நேரத்தின் வர்க்கத்தை ஒட்டிப் போவதால், மிஞ்சி மிஞ்சிப் போனால் தூரத்தில் ஆறில் ஒரு பங்கு குறையும். அதாவது உங்கள் காரை அப்படியே சென்னைக்கு எடுத்துப் போனால் 1.2 மீட்டர் 1.4 மீட்டர் ஆகும். நாலு மீட்டர் ஆகாது.

அப்படியானால் மீதித் தூரம் எங்கே போகிறது? அச்சில். அதை அளந்தே காட்டலாம்.

ஒரு மீட்டர் நீளமுள்ள வழவழப்பான பலகையை எடுத்து, பலூன் ஊதாத காரை அதன் மேல் வையுங்கள். பலகையின் ஒரு முனையின் கீழ் நோட்டுப் புத்தகங்களை ஒவ்வொன்றாகச் சொருகிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு முறையும் காரை விரலால் லேசாகத் தட்டிவிடுங்கள். தட்டிய பிறகு வேகம் கூடாமல், நிற்காமல், ஒரே சீராக உருளும் உயரம் ஒன்று வரும். அந்த உயரம் 9 செ.மீ. என்றால், உருளுவதற்கான தடை காரின் எடையில் 9 சதவீதம். 60 கிராம் காருக்கு 5.4 கிராம் எடையளவு விசை. உங்கள் கார் அநேகமாக இங்கேதான் இருக்கும் என்பது என் கணிப்பு.

இப்போது பலூன் எவ்வளவு தள்ளுகிறது என்று பாருங்கள். 6 மி.மீ. துளைக்கு, 2.5 கிலோபாஸ்கல் என்று வைத்தால், ஏட்டுக் கணக்குப்படி 14 கிராம் வரும். குழாயின் உட்சுவர் உராய்வும் நுழைவாயில் காற்று நெருக்கியடிப்பதும் போக 8 கிராம் கிடைத்தால் நல்ல பலூன். சமையலறை டிஜிட்டல் தராசு இருந்தால் இதையும் நேரில் பார்க்கலாம். ஊதிய பலூனைக் குழாய் மேல்நோக்கி இருக்கும்படி தராசில் நிறுத்தி, அடைத்த விரலை எடுங்கள். காற்று மேலே போகும்போது எண் எவ்வளவு ஏறுகிறதோ அதுதான் தள்ளுவிசை.

8 கிராம் தள்ளுகிறது, 5.4 கிராம் பிடித்து இழுக்கிறது. மிஞ்சுவது 2.6 கிராம். இதை வைத்துக் கணக்குப் போட்டால் கார் ஒன்றரை மீட்டர் சுமாருக்கு ஓடி நிற்க வேண்டும். நீங்கள் எழுதிய 1.2 மீட்டருக்கு இது பக்கத்தில்தான் வருகிறது. பலகைச் சோதனையில் 9-ஐ 3-ஆகக் குறைத்துவிட்டால் மிஞ்சும் விசை 6.2 கிராம். காற்று தீர்ந்த பிறகு சும்மா உருண்டு போகும் தூரமும் பல மடங்கு நீளும். அதே பலூன், அதே மலை, கணக்குப்படி நாலு மீட்டரைத் தாண்டும்.

9-ஐ 3 ஆக்குவது பெரிய வித்தையில்லை. அச்சு உராய்வு காரை எவ்வளவு பிடிக்கும் என்பது அச்சின் தடிமனைச் சக்கரத்தின் விட்டத்தால் வகுத்த கணக்கு. உங்கள் குச்சி 3 மி.மீ., சோடா மூடி 3 செ.மீ., ஆகப் பத்தில் ஒன்று. அதற்குப் பதில் 2 மி.மீ. சைக்கிள் ஸ்போக் கம்பியும் 6 செ.மீ. சக்கரமும் போட்டால் முப்பதில் ஒன்று. சைக்கிள் கடையில் வளைந்த பழைய கம்பியைச் சும்மாவே கொடுப்பார்கள். நேரான பகுதியை மட்டும் வெட்டி வாங்குங்கள்.

காகித ஸ்ட்ராதான் இரண்டாவது குற்றவாளி. மலையில் இது இன்னும் மோசம். மூடுபனி இறங்கும் வகுப்பறையில் இரண்டு நாள் கிடந்த ஸ்ட்ராவைப் பிளேடால் நீளவாக்கில் பிளந்து பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உட்சுவர் ஈரத்தில் உப்பி, நார் எழும்பி நிற்கும். குச்சி அழுத்திய பக்கம் மட்டும் ஒரு கோடு பளபளவென்று தேய்ந்திருக்கும். கார் போக வேண்டிய தூரத்தைத் தின்றது அந்தக் கோடுதான். காலியான பால்பாயிண்ட் ரீஃபில்லை இரண்டு முனையும் வெட்டி அதற்குப் பதிலாக வையுங்கள். எல்லா ரீஃபில்லும் ஒத்துவராது, சிலவற்றில் கம்பி இறுகும். ரீஃபில்லைச் செங்குத்தாகப் பிடித்துக் கம்பியை மேலிருந்து விட்டால் அது தானாக வழுக்கி விழ வேண்டும். அந்த அளவு தளர்வு போதும். அதற்கு மேல் தளர்வு இருந்தால் சக்கரம் ஆடும்.

தமிழ்நாடு முழுக்க பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1 முதல். நீலகிரியில் பிளாஸ்டிக் கட்டுப்பாடு அதற்கும் வெகு முன்னாலேயே தொடங்கிவிட்டது. அதைக் குறையாக நினைக்க வேண்டாம். ரீஃபில்லும் ஸ்போக் கம்பியும் ஸ்ட்ராவையும் குச்சியையும் விட நல்ல அச்சாகவே அமையும்.

சக்கரத்துக்கு, அட்டையில் 6 செ.மீ. வட்டங்கள் எட்டு வெட்டி, அட்டையின் வரிகள் ஒன்றுக்கொன்று குறுக்காக வரும்படி இரண்டிரண்டாக ஒட்டுங்கள். விளிம்பில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டால் ஈரம் ஏறாது. நடுப்புள்ளியைக் கண்ணால் குத்துமதிப்பாகக் குத்தவே கூடாது. வட்டத்தைக் காகிதத்தில் வரைந்து வெட்டி, இரண்டு முறை மடித்தால் மடிப்புகள் வெட்டும் இடம் நடு. அதை அட்டை மேல் வைத்துக் குத்துங்கள். நடு 2 மி.மீ. தள்ளிப் போனாலும் கார் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சின்ன மேடு ஏறி இறங்கும். கம்பி நுழையும் இடத்தில் வெளிப்பக்கம் ஒரு சட்டைப் பொத்தானை ஒட்டினால் சக்கரம் கம்பிக்குச் செங்குத்தாக நிற்கும். உட்பக்கம், சக்கரத்துக்கும் ரீஃபில்லுக்கும் நடுவே, ஒரு பாசிமணி. இது இல்லாவிட்டால் சக்கரம் உடலில் உரசும். பசை ஒரு சொட்டு ரீஃபில் வாயில் இறங்கினாலும் அச்சு போச்சு, அதனால் பசையைக் குச்சியில் தொட்டு வையுங்கள்.

கார் ஒரு பக்கம் வளைந்து போனால் இரண்டு அச்சுகளும் இணையாக இல்லை. இடப்பக்கச் சக்கரங்களின் இடைவெளியையும் வலப்பக்கச் சக்கரங்களின் இடைவெளியையும் அளந்து பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது.

இனி காற்றுக்குழாய். காலி ஸ்கெட்ச் பேனாவின் உடலை இரண்டு பக்கமும் வெட்டி வைத்துக்கொள்ளலாம். துளை எவ்வளவு என்று அளந்து எழுதிவிடுங்கள், வகைக்கு வகை மாறும். 4 செ.மீ. நீளம் போதும், நீளக் குழாயில் உராய்வு கூடும். துளையைப் பெரிதாக்கினால் தள்ளுவிசை கூடும், ஆனால் பலூன் அதே விகிதத்தில் சீக்கிரம் காலியாகும். விசையையும் நேரத்தையும் பெருக்கினால் ஏறக்குறைய ஒரே தொகை. உராய்வு மட்டும் ஓடுகிற ஒவ்வொரு வினாடிக்கும் தன் பங்கை எடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் உராய்வு அதிகமுள்ள காருக்குப் பெரிய துளை நல்லது. உங்கள் இப்போதைய காரில் 4 மி.மீ. துளை வைத்தால் தள்ளுவிசை 3.5 கிராம்தான், கார் அசையவே அசையாது. இதைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பது நல்லது. பலூன் வாயைக் குழாயில் 2 செ.மீ. ஏற்றி, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவினால் கசிவு குமிழியாகத் தெரியும்.

“ஆறு மூச்சு” என்ற அளவை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் மூச்சும் வேறு. பலூனின் அகலமான இடத்தில் நூலைச் சுற்றி அளக்கலாம். சுற்றளவு 50 செ.மீ. என்றால் சுமார் 2 லிட்டர், 56 என்றால் 3 லிட்டர், 63 என்றால் 4 லிட்டருக்குச் சற்று மேல். 50-க்கும் 63-க்கும் நடுவே காற்று இரண்டு மடங்காகிறது. கண்ணுக்கு அது தெரியாது, அதனால்தான் ஒரே மாதிரி ஊதியதாக நினைக்கும் ஓட்டங்கள் வேறு வேறு தூரம் காட்டுகின்றன.

குளிர் ஊருக்கென்று ஒரு சங்கதி இருக்கிறது. வாயால் ஊதும் காற்று 34 டிகிரி சூட்டில் உள்ளே போகிறது. காலையில் வகுப்பறை 12 டிகிரி என்றால் சில நிமிடங்களில் அது ஆறி, 7 சதவீதம் சுருங்கும். 56 செ.மீ. நூல் அளவு ஒரு செ.மீ.க்கு மேல் குறைந்திருக்கும். அதனால் ஊதியவுடன் அளக்காமல், விடுவதற்குச் சற்று முன் அளங்கள். கைப்பம்பு கிடைத்தால் இந்தத் தொல்லையே இல்லை, ஒருவர் எச்சில் இன்னொருவருக்குப் போகாது என்பதும் முக்கியம். புதுப் பலூனின் ரப்பர் முதல் முறை விறைப்பாக இருக்கும். சோதனைக்கு முன் மூன்று முறை ஊதி விட்டுவிட்டால் பிறகு ஓட்டத்துக்கு ஓட்டம் அதிகம் மாறாது.

மலைக் கட்டடங்களில் தரை மட்டமாக இருப்பது அபூர்வம். மீட்டருக்கு 1 செ.மீ. சரிவு இருந்தாலே 60 கிராம் காருக்கு 0.6 கிராம் விசை கூடவோ குறையவோ செய்யும். கோலிக்குண்டு வைத்துப் பாருங்கள். அது எப்படியும் உருண்டால், காரை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓட்டிச் சராசரி எடுங்கள். சிமெண்ட் தரை நல்லது. பலகைத் தரையின் இடுக்குகள் சின்னச் சக்கரத்தைப் பிடிக்கும்.

இயக்கத்தைச் சோதிப்பதுதான் நோக்கம் என்றால் மொத்தத் தூரம் ஒன்றை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். தரையில் 25 செ.மீ.க்கு ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, பக்கவாட்டில் இரண்டு மீட்டர் தள்ளி செல்போனை அசையாமல் வைத்து வீடியோ எடுங்கள். வினாடிக்கு 30 படம் என்ற கணக்கில் ஒவ்வொரு கோட்டையும் எத்தனையாவது படத்தில் தாண்டுகிறது என்று எண்ணினால் தூரம்-நேர வரைபடம் கிடைக்கும். பலூன் சுருங்கி முடியும் இடம் வரை வேகம் ஏறும், பிறகு இறங்கும். அந்தத் திருப்பத்தைப் பிள்ளைகள் விரலால் தொட்டுக் காட்ட வேண்டும்.

எடை ஏற்றிப் பார்க்கும்போது ஒரு குழப்பம் வரும். ஆய்வகப் படிக்கல் வைத்துக் காரை 120 கிராம் ஆக்கினால் முடுக்கம் பாதியாகும் என்று எதிர்பார்ப்பார்கள். நல்ல அச்சு உள்ள காரிலேயே அது ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகக் குறையும். எடையோடு உராய்வும் இரண்டு மடங்காகி, மிஞ்சும் விசை 6.2-இலிருந்து 4.4 கிராமுக்கு இறங்கிவிடுவதுதான் காரணம். நியூட்டன் தவறு என்று யாரும் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

“பின்னால் இருக்கும் காற்றை உதைத்துத்தான் கார் போகிறது” என்று நடுவர் யாராவது சொல்லக்கூடும். காருக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளிச் சுவர் இருக்கும்படி வைத்தும், வெட்டவெளியில் வைத்தும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், தூரம் மாறாது. பிறகு ஒரு கனமான அட்டையைக் குழாய்க்கு நேரே காரிலேயே நட்டு ஓட்டட்டும். காற்று அட்டையில் மோதிப் பக்கவாட்டில் சிதறும், கார் நின்ற இடத்திலேயே நிற்கும். காரை விட்டுக் காற்று பின்னோக்கிப் போனால்தான் கார் முன்னோக்கிப் போகும் என்பதற்கு இதைவிட எளிய காட்சி எனக்குத் தெரியவில்லை.

வெடித்த பலூன் துண்டுகளை எண்ணிப் பொறுக்கிவிடுங்கள். உங்கள் பக்கம் மாடும் காட்டெருமையும் பள்ளி வளாகம் வரை வருகின்றன.

அச்சை மாற்றுவதற்கு முன்பும் பின்பும் பலகைச் சோதனையின் உயரத்தைக் குறித்து எழுதி அனுப்புங்கள். இரண்டு எண்களையும் ஓடிய தூரத்தோடு சேர்த்து சார்ட்டில் அந்த வரி இருந்த இடத்தில் போடலாம்.

அன்புடன்